துள்ளல் இல்லாத ஆட்டம்

“ஒரு துள்ளல்கூட இல்லாம இது என்ன ஆட்டம்? குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணி பிடிக்கப் போற மாதிரி நடக்கிறோம்!”

நெட்டை அக்கா சொன்னதும் உடை மாற்றும் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாட்டு நாடகம் அது. எட்டுப் பெண்கள் ஆடுவோம். மாடியில் ஒத்திகை. அந்தப் பலகைத் தரையின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் டான்ஸ் மாஸ்டர் நாற்காலியில் உட்கார மாட்டார். தரையில் சம்மணம் போட்டு, எங்கள் கால்களை மட்டும் பார்ப்பார்.

“மூஞ்சியில சிரிச்சு என்னை ஏமாத்திடுவீங்க. கால்ல அது நடக்காது” என்பார்.

இரண்டு வாரம் குதித்துக் குதித்துப் பழகினோம். மூன்றாவது வாரம் வந்தார்.

“குதிக்கிறதெல்லாம் எடுத்தாச்சு. நடங்க, கையை வீசுங்க, போதும்.”

எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பியது.

அப்போது எனக்கு மூன்றாவது மாதம். முதல் பிள்ளை தங்காமல் போயிருந்தது. வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடவுளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் குதித்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் முட்டி போட்டு அந்தக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஒத்திகை பார்க்க வந்த முதலாளி கத்தினார்.

“என்னய்யா மாஸ்டர், சரக்கு தீர்ந்துபோச்சா?”

“ஆமாங்க. வயசாயிடுச்சு. முன்ன மாதிரி ஒண்ணும் தோண மாட்டேங்குது.”

நாடகம் நாற்பது நாள் ஓடியது. முடிந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் வேறு எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை.

“பாவம், மனுஷனுக்கு மூளை வறண்டுபோச்சு” என்றாள் நெட்டை அக்கா. நானும் தலையாட்டினேன்.

இருபத்தாறு வருஷம் கழித்து, போன வாரம் கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைப் பார்த்தேன். தலை பஞ்சாய் வெளுத்திருந்தது.

“மாஸ்டர், என்னைத் தெரியுதா?”

“அடடே! இடது பக்கம் ஓரத்துல ஆடுவியே, நீதானேம்மா? நல்லா இருக்கியா?”

“இருக்கேன் மாஸ்டர். இவன் என் பெரியவன். நீங்க இவனைப் பார்த்ததே இல்லையே…”

மாஸ்டர் அவன் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

“பார்க்காம என்ன? என்னோட கடைசி நாடகத்துல ஆடினவனாச்சே!”