பாதிக் கிண்ணம்

கிண்ணம் பாதி காலியான பிறகும் கணவர் வாயை மூடவில்லை.

மருத்துவமனைக் கட்டிலின் வலப்பக்க விளிம்பில் அமர்ந்திருந்த மனைவி, கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் வேண்டும் என்பதுபோல் உதடுகள் பிரிந்தே இருந்தன.

பக்கவாதம் அவருடைய வலக்கையையும் வலக்காலையும் பேச்சையும் கொண்டுபோன நாளிலிருந்து இப்படி நடந்ததே இல்லை. வீட்டிலிருந்து அவள் மசித்துக் கொண்டுவரும் சூப்பில் பாதி இறங்கியதும் அவர் உதடுகளை இறுக்கிக்கொள்வார். மடிப்பலகையில் இருக்கும் கிண்ணத்தை இடக்கையால் நகர்த்துவார். அவர் முழுவதும் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

உப்பைக் குறைத்துப் பார்த்தாள், மிளகைக் கூட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். நேற்று அவர் தள்ளிய வேகத்தில் கிண்ணம் கவிழ்ந்து, மிச்சமிருந்த சூப் முழுவதும் பக்கத்துக் கட்டிலுக்கும் இதற்கும் நடுவே கொட்டியது.

“கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல எல்லார் முன்னாடியும் ‘சம்மதம்’னு சொன்னீங்க, அதோட சரி. அதுக்கப்புறம் என் பேச்ச எதுலயாவது கேட்டிருக்கீங்களா?” என்றாள், குனிந்து தரையைத் துடைத்தபடியே.

அவர் தொண்டையிலிருந்து ஏதோ ஓர் ஒலி எழுந்தது. அவள் நிமிரவில்லை.

அவள் சொன்னதில் பொய் இல்லை. குடையோடு வெளியே போனால் நனைந்துகொண்டு வருவார். புதுச் செருப்போடு போனால் வெறுங்காலோடு திரும்புவார். எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

அந்தப் பிடிவாதத்தை மாற்றும்படி ஒவ்வொரு வேளையும் கண்களை மூடி வேண்டிக்கொண்டாள். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் அதை ஜெபக் குறிப்பாகவும் கொடுத்தாள். மிஞ்சிய சூப்பைக் கழுவு தொட்டியில் ஊற்றும்போது, ஆண்டவர் தந்த ஆகாரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

இன்று வேண்டுதல் கேட்கப்பட்டுவிட்டது. முரண்டு பிடிக்காமல் அவர் விழுங்கிக்கொண்டே இருந்தார். “ஸ்தோத்திரம்” என்று அவள் வாய் முணுமுணுத்தது.

அப்போது பணிப்பெண் வந்து, இடப்பக்கத்துத் திரையைத் திறந்தாள். அடுத்த கட்டிலிலிருந்து வரும் களிம்பு வாடை பொறுக்காமல், வந்ததும் முதல் வேலையாக மனைவி இழுத்து மூடும் திரை அது. அவள் கிளம்பிய பிறகு யாராவது திறந்துவிடுவார்கள். இன்று அவள் வரும்போதே மூடியிருந்தது. ஒரு வேலை மிச்சம் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பு மாற்றப்பட்டிருந்தது.

“அந்த வெல்டர் விடியக்காலையில தவறிட்டாரும்மா. ரெண்டு கையிலயும் கட்டு, கூட ஆளும் கிடையாது. நாங்க ஓட்டத்துல ஊட்டுறது எந்த மூலைக்கு? உங்க வீட்டுக்காரருதான் எந்நேரமும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருப்பாரு.”

பணிப்பெண் காலிக் கட்டிலின் தலையணையைத் தட்டி வைத்துவிட்டு அதற்கும் அப்பால் நகர்ந்தாள்.

மனைவி கணவரின் இடக்கையைப் பார்த்தாள். ஒருநாளும் அது கிண்ணத்தை அவள் பக்கமாகத் தள்ளியதில்லை. எப்போதும் திரை இருந்த பக்கமாகத்தான் நகர்த்தியது. இன்று அது போர்வையின்மேல் சும்மா கிடந்தது.

தொலைந்துபோன குடைகளெல்லாம் அவளுக்கு நினைவு வந்தன.

கிண்ணத்தின் அடியில் இன்னும் ஒரு கரண்டி இருந்தது. அதை எடுக்க அவளுக்குக் கை எழவில்லை.

அவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார், அவள் வேண்டிக்கொண்டபடியே.