பிரேக் விளக்கு

அலாஸ்காவுக்குச் சுற்றுலா போகும் கேரவன் வீட்டுவண்டிகளின் வரிசையில் கடைசி வண்டி டோரீனுடையது. யாரும் வழியில் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. முன்னால் போன வெர்னானின் வண்டி சட்டென்று நிற்க, மயிரிழையில் மோதாமல் தப்பினாள். அவருடைய பிரேக் விளக்கு எரியவே இல்லை.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"உங்க வீட்டுக்காரம்மா லொரெய்னைக் கூப்பிடுங்க. சாப்பாட்டுக்குத்தான் வெளிய வர்றதில்ல. காலையில பின்னால நின்னு விளக்கையாவது ஒழுங்கா பார்க்கக்கூடாதா?"

"அவளைத் திட்டாத, டோரீன்."

"வண்டிக்கு வண்டி பேசிக்கிற ரேடியோவுல நானே கேட்டேன். 'இடது எரியுது, வலது எரியுது, பிரேக் எரியுது, கிளம்புய்யா கிழவா'ன்னு இன்னைக்கும் சொன்னாங்களே."

வெர்னான் கதவை அகலத் திறந்தார். உள்ளே யாருமில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் பழைய செல்போன் ஒன்று கிடந்தது. அதைத் தொட்டார்.

"இடது எரியுது, வலது எரியுது..." என்றது லொரெய்னின் குரல்.



"போன வருஷப் பயணத்துல பதிவு பண்ணினது. வீடு திரும்பின வாரமே போய்ச் சேர்ந்துட்டா. இது இல்லாம எனக்கு வண்டியைக் கிளப்ப வரல."

டோரீன் பின்னால் போய் அந்த எரியாத விளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நாளையிலேர்ந்து நான் பின்னால நின்னு பார்த்துட்டுக் கையைக் காட்டறேன். அப்புறமா அவங்களைச் சொல்லச் சொல்லுங்க."