உச்ச நேரக் கேள்விகள்

“ஐயோ, டிக்கெட் பார்க்க வர்றார். நான் தொலைஞ்சேன்!”

பெத்தனி டிக்கெட்டை உள்ளங்கைக்குள் மறைத்தாள். ஸ்டோக்கிலிருந்து மான்செஸ்டர் போகும் காலை ரயில். பெட்டி நிறைய ஆபீஸ் கூட்டம்.

பக்கத்து இருக்கையிலிருந்த விவ், தேநீர்க் குவளையை மூடிவிட்டுத் திரும்பினாள். “டிக்கெட் எடுக்கலியா கண்ணு?”

“எடுத்திருக்கேன். ஆனா கூட்டமில்லாத நேரத்து டிக்கெட். ஒன்பதரைக்கு முன்னாடி செல்லாது. இன்டர்வியூ மத்தியானம்னு சொன்னாங்க, நம்பி வாங்கிட்டேன். நேத்து போன் பண்ணி, காலையிலயே வாங்கன்னுட்டாங்க. டிராம் ஓட்டுற வேலை. சின்னதுலேருந்தே அதுதான் ஆசை. முழு டிக்கெட்டுக்குக் கார்டுல காசு இல்ல. அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டா வேலை போச்சு.”

எதிர் இருக்கையில் டை கட்டியவர் செய்தித்தாளை இறக்கினார். அவரும் விவ்வும் பல வருடங்களாக இதே ரயிலில் எதிரெதிரே வருகிறவர்கள். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“வர்றது டெரிக்தானே?” என்றார். “அவர்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டாப் போதும். பாடமே எடுப்பார். ஒரு தடவை அதுல நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனே தாண்டிப் போச்சு.”

விவ் கண்ணடித்தாள். டெரிக் இரண்டு வரிசை தள்ளி நிற்கும்போதே குரல் கொடுத்தாள்.

“ஏம்ப்பா டெரிக், அதே ரயில், அதே சீட்டு. காலையில மட்டும் எதுக்கு உச்ச நேரம்னு இப்படிக் கூடுதல் காசு பிடுங்குறீங்க?”

டெரிக்கின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

“நல்லாக் கேட்டீங்க! கிறிஸ்துமஸ் விருந்துக்கு இருபது பேர் வருவாங்கன்னு இருபது நாற்காலி வாங்குறீங்க. மத்த நாள்ல ரெண்டு பேர்தான். ஆனாலும் இருபதையும் வைக்க இடம் வேணும், தூசி தட்டணும் இல்லியா? காலைக் கூட்டத்துக்காக வாங்கின பெட்டிங்களும் அப்படித்தான், மத்தியானம் சும்மா நிக்குது. அந்தச் செலவு காலையில வர்றவங்க தலையில. அப்புறமா வந்தா சலுகை.”

அடுத்து டை கட்டியவர். நடுவில் இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாமா? அதற்குப் போகிற பயணத்துக்கு ஒரு பதில், திரும்புகிற பயணத்துக்கு ஒரு பதில். அது முடிவதற்குள் மாக்கிள்ஸ்ஃபீல்டு ஸ்டேஷன் வந்து போனது. விஷயம் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. யார் யாரோ கை தூக்கினார்கள். நாய்க்கு டிக்கெட் உண்டா? மடக்குச் சைக்கிளுக்கு? ஸ்டாக்போர்ட்டும் கடந்தது.

“மூடுபனி நாள்ல?” என்றது பின்வரிசை.

டெரிக் தாடையைச் சொறிந்தார். “செவ்வாய்க்கிழமை மூடுபனின்னா, உச்ச நேரம் கொஞ்சம் தாமதமாத் தொடங்கும். ஜனங்க ஸ்டேஷனுக்கு மெதுவாத்தானே நடந்து வருவாங்க?”

“திங்கட்கிழமைன்னா?”

“திங்கள்ல அது கிடையாது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. டை கட்டியவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

“ரயில் போற திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தா?” என்றாள் விவ், விடாமல்.

“அவங்களுக்குப் பாதி தூரம்தான் உச்ச நேரம். எங்க போறோம்னு அவங்களுக்குத் தெரியலையே!”

மான்செஸ்டர் வந்தது. விவ் பெத்தனியை எழுப்பித் தள்ளினாள். “ஓடு கண்ணு!”

ஆனால் டெரிக் அவளுக்கு முன்பே கதவருகே போய் நின்றிருந்தார். பெத்தனி டிக்கெட்டை மறுபடியும் உள்ளங்கைக்குள் மறைத்தாள்.

அவர் குனிந்து அவள் காதோரம் சொன்னார்:

“போ கண்ணு, நேரமாச்சு. நீ ஏறும்போதே உன் கையில இருந்த டிக்கெட்டைப் பார்த்துட்டேன். உன் சீட்டுக்கு வந்து சேராம இருக்க நான் பட்ட பாடு! ஸ்டாக்போர்ட்டோட எனக்குத் தெரிஞ்ச விதியெல்லாம் தீர்ந்துபோச்சு. அந்த மூடுபனியும் முதுகும் நானாக் கட்டி விட்டது.”