சதுரமா, வட்டமா?

காய்ச்சலில் கிடந்து கொஞ்சம் தேறிய மடத்துத் தலைவர் விட்டாலியன், ரோம் நகரத்துத் தன் கோயிலுக்குள் மெல்ல நடந்து வந்தார். எதிரே வந்த துறவிகள் அவரைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

பீடத்துக்கு மேலே, புனிதர்களின் வரிசையில் கடைசியாக அவர் உருவமும் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருந்தது. தலையைச் சுற்றிப் பொன்வட்டம்.

"என்ன மேஸ்திரி, என்னை மாதிரி ஜெபத்துல குறட்டை விடுறவனுக்கு ஒளிவட்டமா? தொப்பையைக் குறைச்சிருக்க, சரி. பாவத்தையுமா குறைச்சுட்ட?"

மேஸ்திரி ஃப்ளோரஸ் சாரத்திலிருந்து இறங்கினார். "தலையைச் சுத்தி நான் சதுரமாத்தான் போட்டிருந்தேன் சாமி. துணைத் தலைவர் செர்ஜியஸ் சாமிதான் போன வாரம் அதைப் பேர்த்துட்டு வட்டமாப் போடச் சொன்னாரு."

விட்டாலியனுக்குக் கண் கலங்கியது. "தங்கமான பிள்ளை! நான் படுத்ததிலேருந்து தன் கையாலயே கஞ்சி காய்ச்சித் தர்றான். நன்றிகெட்டவன் நான், வாய் கசக்குதுன்னு அத்தனையும் சன்னல் வழியா ஊத்திட்டேன். அது சரி, சதுரத்தைவிட வட்டம் உசத்தியா?"

"சாமிக்குத் தெரியாததா?"

"பாடத்துலயும் தூங்கினவன்யா நான். சொல்லு."

மேஸ்திரி தயங்கினார். "உயிரோட இருக்கிறவங்களுக்குச் சதுரம் சாமி. வட்டம்... போய்ச் சேர்ந்தவங்களுக்கு."

அப்போது செர்ஜியஸ் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு வந்தார். "சாமி, கஞ்சி ஆறிடப்போகுது. குடிச்சிடுங்க."

விட்டாலியன் மேலே பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"நீயே குடிப்பா. வட்டத்துக்கு எனக்கு இன்னும் தகுதி வரலை."