அசதிக்கு ஒரு மாத்திரை

"எச்.ஐ.வி.யா? என் பையன் பத்தரை மாத்துத் தங்கம்! இவ எங்க போய் வாங்கிட்டு வந்தாளோ!"

மாமியார் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். வெளியே இருங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் நகராத அம்மாள். "அவங்களும் கேக்கட்டும்" என்று மருமகளே சொல்லிவிட்டாள். ஐந்து மாத வயிற்றின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பையனையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்கம்மா."

"அவனுக்கு எதுக்கு டெஸ்ட்? எப்பவாவது அசதியா இருக்குன்னா நானே ஒரு சத்து மாத்திரை குடுப்பேன். அதோட சரி!"

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளோடு யார் மல்லுக்கட்டுவது? அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மருமகளிடம் கொடுத்தாள்.

"எச்.ஐ.வி. மாத்திரைம்மா. தினமும் ஒண்ணு. ஒருநாள்கூட விடக்கூடாது. ஒழுங்காப் போட்டா உன் குழந்தைக்குத் தொத்தாம காப்பாத்திடலாம்."

மருமகள் டப்பாவைத் திறந்தாள். எழுத்துப் பொறித்த மஞ்சள் மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அசதிக்கு நீங்க குடுக்கறதும் இதே மாத்திரைதான், அத்தை. லேபிளைச் சுரண்டின டப்பாவுல வெச்சிருப்பீங்களே. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பார்க்கறேன்."

டப்பாவை மூடி மாமியாரின் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க. இந்த லேபிளையும் சுரண்டிட்டு எனக்குக் குடுங்க."