நடிக்க வந்தவர்

துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அந்த ஆள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

எதிரே கால்நடை மருத்துவர் இளமதி. சுற்றிலும் இருபது மருத்துவர்கள். மாடு வளர்ப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று இலுப்பூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் அவர்களுக்கு அன்று பயிற்சி.

பயிற்சியாளர் நிலவழகன், மாட்டுக்காரராக நடிக்க ஒரு நாடகக்காரரை வரச்சொல்லியிருந்தார். வாசலில் தயங்கி நின்றவரைக் கைபிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தவரும் அவர்தான்.

“மாட்டுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க” என்றாள் இளமதி.

அவர் சொன்னார். மூன்று நாளாக மாடு ஓயாமல் கத்துகிறது. எச்சில் நூலாய் ஒழுகுகிறது. தண்ணீரில் வாய் வைக்கப் போய், முடியாமல் தலையை இழுத்துக்கொள்கிறது. சுவரில் முட்டி முட்டி நெற்றியெல்லாம் ரத்தம்.

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ “பிரமாதம்” என்றார்கள்.

கெட்ட செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அன்றைய பாடம். இது வெறிநாய்க்கடி நோய், இந்த நிலைக்கு வந்த பிறகு மருந்து இல்லை என்று இளமதி மெதுவாகச் சொன்னாள். அவர் தலை கவிழ்ந்தது. கைதட்டினார்கள்.

அதற்குள் நிலவழகனின் போன் அடித்தது. பேசி முடித்தவர் முகம் வெளுத்திருந்தது.

“நாடகக்காரர்தான். பஸ் விராலிமலையில நின்னுருச்சாம். இன்னும் அங்கதான் இருக்காரு.”

நிலவழகன் நாற்காலியில் இருந்தவர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, நீங்க யாரு?”

“சேவுகனுங்க. குன்றாண்டார்கோவில் பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டருங்க எல்லாம் மண்டபத்துல இருக்காங்கன்னாங்க.”

இளமதி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். நாய் கடித்து எவ்வளவு நாளாகிறது? இரண்டு மாதம் இருக்கும். மாட்டின் எச்சில் யார் மேலாவது பட்டதா? அவர் தன் கைகளை நீட்டினார். விரல் இடுக்குகளில் கீறல்கள். இன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாள். அது அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

“அன்னைக்கு நாய வெரட்டப் போயி எம்பொண்டாட்டிக்கும் கால்ல பல்லு பட்டுச்சு. லேசாத்தான். மஞ்சப்பொடி வச்சோம்.”

“அவங்க இப்ப எப்படி இருக்காங்க?” என்றாள் இளமதி.

“காலையிலேர்ந்து அவளும் தண்ணியக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிறா” என்றவர் இளமதியை நிமிர்ந்து பார்த்தார். “மாட்டுக்குத்தானங்க மருந்து இல்லைன்னீங்க?”