காருக்குள் ஒரு கதை

காந்திபுரம் போகச் சாவியோடு வந்த தம்பிதுரை, போர்ட்டிகோவிலேயே நின்றுவிடுகிறார். கார்க்கதவு பாதி திறந்திருக்கிறது. முன்சீட்டில் அவர் மனைவி சாந்தாமணி, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருக்கிறாள். சாயங்கால வெயில் கண்ணாடி வழியே அவள் விரல்களில் விழுகிறது. வீட்டுக்குள் டிவியும் மிக்சியும் போட்டி போட்டுக் கத்துகின்றன. “ஏனம்மணி, இங்க என்ன பண்றே?” “கதை எழுதறனுங்க. ஊட்டுக்குள்ள உக்காந்தா ஆராச்சும் கூப்புட்டுட்டே இருக்கறாங்க.” இருபத்தாறு வருஷமாகக் கூடவே இருப்பவள் கதை எழுதுவாள் என்பது அவருக்கு இன்றுதான் தெரிகிறது. “என்ன கதை?” “முடிச்சுப்போட்டுச் சொல்றனுங்க.” “செரி, நான் பஸ்ல போய்க்கறேன்.” கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தும்போது திரும்பிப் பார்க்கிறார். அவள் உதடுகள் அசைகின்றன. கதையில் யாரோ பேசுகிறார்கள். ஆணா பெண்ணா என்றாவது தெரிந்தால் தேவலை என்றிருக்கிறது அவருக்கு.